அவசரப்படுத்துகிறவருக்குப் பணம் தராதீர்கள் – வாசகர் கேள்வி பதில்

பணத்தைத் திட்டமிட்டுக் கையாளுவது குறித்தும் மோசடிகளிலிருந்து தப்புவது குறித்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதியிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஏமாந்ததைப் பற்றி எழுதவே பலருக்கும் மனம் கூசியிருக்கிறது என்பது அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதே தெரிகிறது.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என் முழுப் பெயர், பிறந்த தேதி, அட்டையின் முதல் ஆறு எண்கள் ஆகியவற்றை அவரே சொன்னார். திரையில் தெரிந்ததும் வங்கியின் எண்தான். யாரோ என் கணக்கிலிருந்து பணம் எடுக்க முயல்வதாகவும், அதைத் தடுக்க என் கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டும் என்றும் கூறினார். சொன்னேன், பணம் போய்விட்டது. இவ்வளவு விவரம் தெரிந்து வைத்திருப்பவரை எப்படி ஐயா சந்தேகிப்பது?

பதில்: உங்களைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அவர் யார் என்பதற்குச் சான்றாகாது. அவர் சொன்ன மூன்று விவரங்களையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். அட்டையின் முதல் ஆறு எண்கள் உங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. அவை அட்டையை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும் எண்கள். அதே வங்கியில் அதே வகை அட்டை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அவை ஒன்றாகவே இருக்கும். நீங்கள் எந்த வங்கியின் வாடிக்கையாளர் என்பது தெரிந்தால் போதும், எவரும் அந்த ஆறு எண்களைத் தேடி எடுத்துவிடலாம். பெயரும் பிறந்த தேதியும் நாம் நிரப்பிக் கொடுக்கும் எத்தனையோ படிவங்களிலும் சமூக வலைத்தளப் பக்கங்களிலும் கிடைப்பவை. நிறுவனங்களிலிருந்து கசிந்த பட்டியல்களில் விற்பனைக்கும் வருபவை. திரையில் தெரியும் எண்ணோ, அழைப்பவர் மென்பொருளின் உதவியால் தம் விருப்பப்படி மாற்றிக் காட்டக்கூடிய ஒன்று. குறுஞ்செய்தியும் அப்படித்தான், வங்கியின் பெயரைப் பொய்யாக இட்டு அனுப்பிய செய்தி, வங்கி உண்மையில் அனுப்பிய பழைய செய்திகளின் வரிசையிலேயே வந்து அமர்ந்துகொள்வதுண்டு.

ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி), அதாவது உங்கள் கைப்பேசிக்கு வந்த அந்த எண், எதற்காக இருக்கிறது என்பதை மனத்தில் வைத்திருந்தால் இந்த வகை மோசடி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒரு செயலைச் செய்பவர் கணக்கின் உரிமையாளர்தான் என்று உறுதி செய்வதற்காகவே அந்த எண் அனுப்பப்படுகிறது. ஆகவே அது ஒரு கையெழுத்துக்குச் சமம். பணம் வெளியே போவதற்குத்தான் அந்தக் கையெழுத்து வேண்டும். போகவிடாமல் நிறுத்துவதற்கு வங்கிக்கு உங்கள் எண் எதுவும் தேவைப்படாது. பெரும்பாலும் அந்தக் குறுஞ்செய்தியிலேயே எவ்வளவு தொகைக்காக, யாருக்குச் செலுத்துவதற்காக அது அனுப்பப்படுகிறது என்று எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காமல் அந்த வரியையும் படிக்க வேண்டும். பேசுகிறவர் நம்மைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருப்பது அந்த வரியைப் படிக்கும் அவகாசத்தைப் பறிப்பதற்காகத்தான்.

இனி இப்படியோர் அழைப்பு வந்தால், எதிரே இருப்பவர் உண்மையானவரா பொய்யரா என்று ஆராய வேண்டிய அவசியமே இல்லை. அழைப்பைத் துண்டியுங்கள். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களாக அழைத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணையோ, இணையத்தில் தேடியதும் முதலில் வந்து நிற்கும் எண்ணையோ பயன்படுத்தாதீர்கள். வீட்டுத் தொலைபேசியில் பேசியிருந்தால் வேறொரு தொலைபேசியிலிருந்து அழையுங்கள். சில இணைப்புகளில் அழைத்தவர் வைக்காதவரை தொடர்பு துண்டிக்கப்படாமலே இருக்கும். உண்மையான வங்கி ஊழியர் எவரும் நீங்கள் இப்படிச் செய்வதற்குக் கோபப்பட மாட்டார்.

பணம் போன பிறகு முதல் சில மணி நேரமே மிக முக்கியமானது. வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் சென்ற கணக்கை நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். புகாரின் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு அதையே எழுத்திலும் கொடுங்கள். காவல்துறையிலும் புகார் செய்யுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். கடவுச்சொற்களை மாற்றும்போது மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களைப் புதுப்பிக்கும் கடிதங்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன.

கேள்வி: என் மைத்துனர் சொல்லி ஒரு முதலீட்டுத் திட்டத்தில் பணம் போட்டேன். மாதம் 4 சதவீதம் தருகிறார்கள். எட்டு மாதங்களாக ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறது. இப்போது தொகையை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்கள். இந்த மாதத்தோடு சேர்க்கையை நிறுத்தப் போகிறார்களாம். ஒழுங்காகப் பணம் வருகிறதே, இதையும் மோசடி என்பீர்களா?

பதில்: ஒழுங்காகப் பணம் வருவது இந்த வகைத் திட்டங்களுக்கு இலக்கணம் என்றே சொல்ல வேண்டும். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர் 45 நாள்களில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். வெளிநாடுகளில் மலிவாகக் கிடைக்கும் அஞ்சல் பதில் கூப்பன்களை (வெளிநாட்டிலிருந்து பதில் எழுதுபவர் தபால் தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டுகளை) வாங்கி அமெரிக்காவில் மாற்றுவதே தம் தொழில் என்றார். முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடி பணம் கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் அதை மறுபடியும் அவரிடமே போட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தவர்கள், அவர் திரட்டிய தொகைக்கு ஏறத்தாழ 16 கோடிக் கூப்பன்கள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், உண்மையில் இருந்தவையோ சுமார் 27,000 மட்டுமே என்று காட்டினார்கள். பின்னால் வந்தவர்களின் பணமே முன்னால் வந்தவர்களுக்கு லாபம் என்ற பெயரில் போய்க்கொண்டிருந்தது.

பொன்சியின் வாக்குறுதி மிகையானது, அதனால் விவரம் தெரிந்தவர்கள் விழ மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2008 டிசம்பரில் கைதான அமெரிக்க முதலீட்டு நிறுவன அதிபர் பெர்னார்ட் மேடாஃப், ஆண்டுக்குப் பத்துச் சதவீதத்தை ஒட்டிய அடக்கமான லாபத்தையே காட்டிவந்தார். அதனால்தான் அறக்கட்டளைகளும் நிதித்துறை அறிந்தவர்களும்கூட அவரை நம்பினார்கள். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய லாபம் மட்டும் அசையாமல் இருந்தது. அந்த அசையாமைதான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். பலருக்கோ அதுவே நம்பிக்கைக்குக் காரணமாயிற்று. அந்த ஆண்டின் உலக நிதி நெருக்கடியில் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 700 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டபோது கொடுப்பதற்குப் பணமில்லை. கணக்கு அறிக்கைகளில் இருந்ததாகக் காட்டிய ஏறத்தாழ 6,500 கோடி டாலர் தாளில் மட்டுமே இருந்தது. 2009-இல் அவருக்கு 150 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் 100 போட்டிருந்தால் மாதம் 4 வீதம் எட்டு மாதங்களில் 32 வந்திருக்கிறது. இன்னும் 68 அவர்களிடமே இருக்கிறது. அதாவது உங்கள் அசலிலிருந்து ஒரு பகுதியை உங்களுக்கே தவணையாகத் திருப்பிக் கொடுத்தாலும் இதே காட்சிதான் தெரியும். மாதம் 4 சதவீதம் என்பது கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 60 சதவீதம். அந்த வேகத்தில் பெருகும் பணம் ஐந்து ஆண்டுகளில் பத்து மடங்கைத் தாண்டிவிடும். அப்படிப் பணத்தைப் பெருக்கத் தெரிந்த ஒருவர் தம்முடைய பணத்தையோ, வங்கியில் குறைந்த வட்டிக்கு வாங்கிய கடனையோ பெருக்கிக்கொள்வார். உங்கள் மைத்துனர் வழியாக உங்களைத் தேடி வந்து மாதம் 4 சதவீதம் தர அவருக்கு என்ன தேவை?

ஆகவே இரட்டிப்பாக்க வேண்டாம். இந்த மாதத்தோடு சேர்க்கை முடிகிறது என்பதும் உங்களைச் சிந்திக்க விடாமல் செய்வதற்கான பேச்சு. அந்த நிறுவனம் பொதுமக்களிடமிருந்து பணம் திரட்ட உங்கள் நாட்டின் நிதி ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற்றிருக்கிறதா என்று, அந்த அமைப்பின் பதிவேட்டிலேயே நேரடியாகப் பாருங்கள். அவர்கள் காட்டும் சான்றிதழின் நகலை நம்பாதீர்கள். அசல் முழுவதையும் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். அதைத் தர வரி கட்ட வேண்டும், சரிபார்ப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று புதிதாக ஏதாவது பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காமல் நேரே புகார் செய்யுங்கள். உரிமம் இல்லையென்று தெரிந்தால், அசல் கைக்கு வந்துவிட்டாலும் புகார் செய்யத்தான் வேண்டும். மேடாஃப் வழக்கில், போட்டதைவிடக் கூடுதலாக எடுத்திருந்தவர்களிடமிருந்து அந்தக் கூடுதல் தொகையை நீதிமன்ற வழியாகத் திரும்பப் பெற்று, இழந்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். அந்தப் பணம் வேறொருவருடைய சேமிப்பு என்பதே அதற்குக் காரணம்.

மைத்துனரிடம் இதைச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். அவர் உங்களை ஏமாற்றவில்லை. தாம் நம்பியதை உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். உறவினர்களின் நல்லெண்ணத்தைத்தான் இந்தத் திட்டங்கள் விளம்பரமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. நிறுவனத்தைக் குறை சொல்லித் தொடங்காமல், மேலே உள்ள கணக்கை அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆளைச் சேர்த்தால் கழிவு (கமிஷன்) கிடைக்கும் என்கிறார்கள். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்த்தால் போதுமாம். இது சாத்தியம்தானே?

பதில்: ஆறு பேர் ஆறாறு பேரைச் சேர்த்துக்கொண்டே போனால் பதின்மூன்றாவது படியில் 1,300 கோடிப் பேர் வேண்டும். உலகத்தின் மக்கள்தொகையே ஏறக்குறைய 800 கோடிதான். கடைசிப் படிகளில் இருக்கும் மிகப் பெரிய கூட்டம் இழந்தால்தான் மேலே இருக்கும் சிலருக்கு லாபம் வரும் என்பது அந்த அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு நல்ல சம்பளம் வருகிறது. கடன் அட்டைக்கு ஒவ்வொரு மாதமும் அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். ஆனாலும் கடன் குறைந்தபாடில்லை. எங்கே தவறு?

பதில்: குறைந்தபட்சத் தொகை என்பது தாமதக் கட்டணத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுமே தவிர, கடனிலிருந்து காப்பாற்றாது. ஓர் எடுத்துக்காட்டுப் போடுகிறேன். நிலுவை 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 3,000 வட்டி சேர்ந்து நிலுவை 1,03,000 ஆகிறது. நீங்கள் 5,150 கட்டுகிறீர்கள். நிலுவை 97,850-க்கு வருகிறது. இப்படியே ஓராண்டு கட்டி வந்தால் நீங்கள் செலுத்திய மொத்தம் ஏறத்தாழ 55,000. கடன் குறைந்திருப்பதோ 23,000 மட்டுமே. மீதி 32,000 வட்டிக்குப் போய்விட்டது. இந்த ஓராண்டில் நீங்கள் அட்டையைத் தொடவே இல்லை என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நடுவில் புதிதாக ஏதாவது வாங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். பழைய நிலுவை இருக்கும்வரை பெரும்பாலான அட்டைகளில் புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலமும் கிடைப்பதில்லை.

மாதம் 3 சதவீதம் என்று கேட்கும்போது சிறியதாகத் தோன்றுவது, கூட்டுவட்டியாக ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. எதுவுமே கட்டாமல் விட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் கடன் இரட்டிப்பாகிவிடும். இதை மனக்கணக்காகப் பார்க்க ஒரு வழி உண்டு: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். மாதம் 3 என்றால் 24 மாதம். ஆண்டுக்கு 6 சதவீதம் தரும் சேமிப்பு என்றால் 12 ஆண்டு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சேமிப்பு ஒரு பக்கம், அட்டைக் கடன் மறுபக்கம் என்று வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும்.

அட்டையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, நிலுவை தீரும்வரை கையில் இருக்கும் பணத்திலேயே செலவு செய்யுங்கள். குறைந்தபட்சத் தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும். நீங்கள் அதைப் பின்பற்றாமல், முதல் மாதம் கட்டக்கூடிய பெரிய தொகை எதுவோ அதையே ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். பல கடன்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் கட்டாயத் தொகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தை மிக அதிக வட்டி உள்ள கடனுக்குக் கொடுங்கள். குறைந்த வட்டியில் தனிநபர் கடன் வாங்கி அட்டை நிலுவையை அடைப்பதும் நல்ல வழிதான்; ஆனால் காலியான அட்டையை மறுபடியும் நிரப்பமாட்டேன் என்ற உறுதி இருந்தால் மட்டுமே அது நன்மை தரும்.

கேள்வி: ஒரு நிறுவனம் 10 சதவீத வட்டிக்கும், வங்கி 14 சதவீத வட்டிக்கும் கடன் தருகின்றன. நிறுவனத்திடம் வாங்குவதுதானே லாபம்?

பதில்: அந்த 10 சதவீதம் எதன்மேல் என்று கேளுங்கள். மாதத் தவணையில் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போட்டால், ஓராண்டுக் கடனில் அந்த 10 சதவீதம் உண்மையில் ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். வங்கி குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடுகிறது என்றால் 14 சதவீதமே மலிவானது. செயல்முறைக் கட்டணம், கட்டாயமாகச் சேர்க்கும் காப்பீடு, முன்கூட்டியே அடைத்தால் விதிக்கும் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணை இரண்டு இடங்களிலும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

கேள்வி: நெருங்கிய நண்பர் கடன் வாங்க என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். வெறும் சம்பிரதாயம் என்கிறார். மறுத்தால் நட்பு கெடுமே என்று தயங்குகிறேன்.

பதில்: வங்கி எதையும் சம்பிரதாயத்துக்காகக் கேட்பதில்லை. நண்பரின் வருமானமும் சொத்தும் மட்டும் போதாது என்று கருதியதால்தான் அது இன்னொருவரின் கையெழுத்தைக் கேட்கிறது. அவர் கட்டத் தவறினால் முழுக் கடனுக்கும் வட்டிக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள். அவரை முதலில் விரட்டிவிட்டுப் பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கிடையாது. உங்கள் கடன் வரலாற்றிலும் அது பதிவாகலாம்; நாளை உங்களுக்கே வீட்டுக் கடன் வேண்டும்போது அது தடையாக நிற்கலாம்.

அந்தத் தொகை முழுவதையும் நீங்களே கட்ட நேர்ந்தாலும் உங்கள் குடும்பம் தாங்குமா, கட்டிய பிறகும் அந்த நண்பரோடு முன்போலப் பேச முடியுமா என்று இரண்டு கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் ஆம் என்று சொல்ல முடிந்தால் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால், திரும்பி வராவிட்டாலும் வருந்தாத அளவுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து உதவுங்கள். அதைக் கொடுத்துவிட்டு ஜாமீனை மறுப்பது நட்புக்குக் குறைவாகாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. இணையத்தில் அறிமுகமான ஒருவரை நம்பிப் பெருந்தொகையை இழந்துவிட்டார். எங்களுக்கு மாதக்கணக்கில் சொல்லவே இல்லை. வீட்டில் எல்லோரும் கோபத்தில் இருக்கிறோம். இப்போது ஒரு நிறுவனம் அந்தப் பணத்தை மீட்டுத் தருவதாக அழைக்கிறது. நம்பலாமா?

பதில்: முதலில் அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: நம்ப வேண்டாம். ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக் கும்பல்களிடையே கைமாறுகிறது. இழந்ததை மீட்கத் துடிப்பவர் இன்னும் கொஞ்சம் தருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வழக்கறிஞர் என்றும், புலனாய்வு அதிகாரி என்றும், தொலைந்த பணத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிறுவனம் என்றும் சொல்லிக்கொண்டு வந்து முன்பணம் கேட்பார்கள். பணத்தை மீட்பதற்கு முதலில் பணம் கட்டச் சொல்கிறவர் எவராயினும், உங்கள் தந்தையை இரண்டாம் முறை ஏமாற்ற வந்தவராகவே கருதுங்கள்.

இனி உங்கள் கோபத்தைப் பற்றி. தந்தை ஏன் மாதக்கணக்கில் சொல்லவில்லை என்று யோசித்துப் பாருங்கள். உங்களுடைய இந்தக் கோபத்துக்கு அஞ்சித்தான் அவர் சொல்லாமல் இருந்திருப்பார். இத்தகைய மோசடிகள் தனிமையைத் தேடி வருகின்றன. வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, உடல்நலம் விசாரித்து, நம்பிக்கை முழுதாக ஊன்றிய பிறகே பணப் பேச்சு வரும். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் புரியாது என்ற சொல்லும் கூடவே வரும். அவர் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் மோசக்காரனுக்குப் பயன்பட்டது. இப்போது வீட்டில் எல்லோரும் அவரைக் குற்றவாளியாக நடத்தினால், அடுத்த முறையும் அவர் சொல்லமாட்டார். படித்தவர்களும் உயர் பதவியில் இருந்தவர்களும் இதே வகையில் இழந்திருக்கிறார்கள். உங்கள் தந்தை ஒரு மனிதரை நம்பினார். குற்றம் செய்தவர் அந்த நம்பிக்கையைத் திருடியவர்தான். இதை அவர் காதில் விழும்படி, வீட்டில் உள்ள அத்தனை பேர் முன்னிலையிலும் நீங்கள் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு அவரோடு சேர்ந்து சில ஏற்பாடுகளைச் செய்யுங்கள். அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கும் சேமிப்புக்கு வேறொரு கணக்கும் இருக்கட்டும். அட்டையும் கைப்பேசிச் செயலியும் முதல் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அவர் சம்மதத்தோடு உங்கள் கைப்பேசிக்கும் ஒரு செய்தி வருமாறு செய்யலாம். கைப்பேசியில் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவோ இயக்கவோ உதவும் செயலி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் நீக்குங்கள். கணக்கை அவர் கையிலிருந்து முழுதாகப் பிடுங்கிவிட வேண்டாம். தம் பணத்தின்மேல் அதிகாரம் இருப்பது முதியவர்களின் தன்மானத்தோடு சேர்ந்தது. அண்மைக் காலமாக மறதியும் கணக்கில் குழப்பமும் புதிதாகத் தெரிந்தால் மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது. பணத்தைக் கையாளுவதில் ஏற்படும் தடுமாற்றம் சிலருக்கு ஞாபகக் குறைபாட்டின் தொடக்க அடையாளமாக இருப்பதுண்டு.

கேள்வி: மகனின் குரலிலேயே பேசிப் பணம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மைதான். சமூக வலைத்தளத்தில் இருக்கும் ஒரு சிறு காணொளி போதும், அதைக்கொண்டு கேட்பவர் நம்பும்படியாக ஒருவரின் குரலைக் கணினி போலி செய்துவிடுகிறது. விபத்து, கைது, மருத்துவமனை என்று அழுகைக் குரலில் கேட்கும்போது எந்தத் தாயின் மனமும் பதறும். அந்தப் பதற்றத்தில் யோசிக்க முடியாது என்பதால், யோசிக்க வேண்டியதை இன்றே யோசித்து வையுங்கள். குடும்பத்தினர் மட்டும் அறிந்த ஒரு சொல்லை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எங்கும் எழுதிப் பதிவிடாதீர்கள். அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் துண்டித்துவிட்டு, மகனின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் அவரோடு இருப்பவர்களை அழையுங்கள்.

கேள்வி: முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்த இணையதளம் பாதுகாப்பானதுதானே?

பதில்: இல்லை. உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் உள்ளவர் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தளத்தின் சொந்தக்காரர் நல்லவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மோசக்காரரும் அந்தச் சான்றிதழை இலவசமாகவே பெறலாம். முகவரியைப் படிக்கும்போது தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கும் பெயரைப் பாருங்கள். அதுவே உரிமையாளரின் பெயர். வங்கியின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, சாய்கோட்டை ஒட்டி வேறொரு பெயர் இருந்தால் அது வங்கியின் தளமன்று. இதைவிட எளிய வழி, செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல் நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து போவது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். என் வங்கிக் கணக்கில் வரும் பணத்தை வேறொரு கணக்குக்கு அனுப்பினால் கழிவு தருவதாக ஒருவர் சொல்கிறார். வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்கிறார்.

பதில்: தம்பி, செய்யாதே. ஏமாந்தவர்களின் பணத்தை அடையாளம் தெரியாமல் கடத்துவதற்கு இப்படித்தான் கணக்குகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். விசாரணை வரும்போது பதிவில் இருப்பது உன் பெயர்தான். கணக்கு முடங்கும், வழக்கு வரும், பின்னாளில் வேறு கணக்குத் தொடங்குவதே கடினமாகிவிடும். ஏற்கெனவே பணம் வந்திருந்தால் அதைத் தொடாமல், அனுப்பாமல், இன்றே வங்கியிடம் சொல். அவர் கொடுத்த கழிவையும் செலவு செய்யாதே.

கேள்வி: வீட்டு வரவு செலவு, முதலீடு எல்லாம் என் கணவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் எனக்கு எதுவுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தைப் போலவே இன்னும் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. இதை அமங்கலப் பேச்சு என்று தள்ளிப்போடும் வீடுகளில்தான், துக்கத்துக்கு நடுவே பெண்கள் ஆவணம் தேடி அலைகிறார்கள். உதவுவதாகச் சொல்லி வருகிறவர்கள் நீட்டிய தாள்களில் படிக்காமல் கையெழுத்தும் போடுகிறார்கள்.

ஒரு குறிப்பேட்டை வாங்கி, ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் கணவரோடு உட்காருங்கள். எந்தெந்த வங்கியில் என்ன கணக்கு, எந்த நிறுவனத்தில் என்ன காப்பீடு, யாரிடம் எவ்வளவு கடன், யார் நமக்குத் தர வேண்டும், அசல் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நியமனதாரராக (நாமினியாக) யார் பெயரைப் பதிவு செய்திருக்கிறார் என்றும் பாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் அது மாற்றப்படாமலே இருப்பதுண்டு. கடவுச்சொற்களை இந்தக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகை உங்கள் பெயரிலோ கூட்டுக் கணக்கிலோ எளிதில் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கு அவர் காலத்துக்குப் பின் சில வாரங்களோ மாதங்களோ முடங்கிக் கிடக்கலாம். அடுத்த மாதத்திலிருந்து மின்கட்டணம், கடன் தவணை, காப்பீட்டுத் தவணை ஆகியவற்றில் ஒன்றையாவது நீங்களே உங்கள் கையால் கட்டுங்கள். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்த்து, மாறியதைத் திருத்தி எழுதுங்கள்.